இங்கிலீஷு தானா வராதுலே பேராண்டி

ஏ பேராண்டி, நீ சீமையில இங்கிலீஷுக்காகப் படுத பாட்டைக் கேட்டு இங்க எல்லாருக்கும் மனசு குளுந்துபோச்சு. போனுல அரை டஜன் ஆப்பு, காதுல மாட்டிக்கிட வெலை கூடுன ஹெட்போனு, ‘முப்பதே நாளில் சரளமாகப் பேசலாம்’னு சத்தியம் பண்ணுத யூடியூபுக்காரன் நாலு பேரு, போதாததுக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கொலைகாரனைத் தேடுத வெப் சீரிஸு. அதையும் இங்கிலீஷுக்காகத்தான் பாக்கேன்னு ஒங்கம்மாகிட்டச் சொன்னியாம். கொலைகாரன் கிடைச்சிட்டான்னு கேள்விப்பட்டேன். இங்கிலீஷு கிடைச்சுதா?

கிடைக்கலன்னு ஒன் மொதக் கட்டுரை சொல்லிட்டு. அதைத் திருத்துன வாத்தியாரு ஓரத்துல என்ன எழுதியிருக்காருன்னு போனுல நீயே வாசிச்சுக் காட்டுனே. ஒரு எடத்துல ‘ஸோ வாட்’. இன்னொரு எடத்துல ‘ஹூ சேஸ்’. கடைசியில ‘டூ டிஸ்கிரிப்டிவ்’. ஐயெல்ட்ஸ் பரீட்சையில ஒம்பதுக்கு ஏழு வாங்குன புள்ளையைப் பாத்து ஒரு மனுசன் இப்பிடிக் கேக்கலாமான்னு ஒனக்கு ஒரே ஆத்தாமை. எனக்கு அந்த மனுசனை ரொம்பப் பிடிச்சிப்போச்சு. ஒவ்வொண்ணும் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு.

ஐயெல்ட்ஸுல என்ன எழுதச் சொல்லுதான்? ஒரு மணி நேரத்துல ரெண்டு எழுத்து. பெரிய எழுத்தே 250 வார்த்தைதான். ‘நகரத்து வாழ்க்கை நல்லதா, கிராமத்து வாழ்க்கை நல்லதா’ங்கிற மாதிரி ஒரு கேள்வி. நீ பாட்டுக்கு ஒன் அபிப்பிராயத்தைச் சொல்லிட்டு வந்துரலாம். யாரு சொன்னா, எந்த வருசம் சொன்னான்னு எவனும் கேக்க மாட்டான். அது உள்ள விடுததுக்கு வாசல்ல குடுக்குத சீட்டு. உள்ள போயி எம்.எஸ்ஸிக்கு நீ எழுதப்போறது 15,000 வார்த்தை. அதுல ஒவ்வொரு வாக்கியமும் எவன் தோள் மேலயாவது ஏறி நிக்கணும். சீட்டை லேமினேஷன் பண்ணி வச்சிக்கிட்டுக் கச்சேரி நடத்த முடியுமாலே?

இதெல்லாம் இந்தக் கெழவனுக்கு எப்பிடித் தெரியும்னு நீ முணுமுணுக்குறது எனக்குக் கேக்கு. ஒன் பெரியத்தை காலேஜுல இங்கிலீஷ் வாத்தியாரம்மா. ஒன்னைய மாதிரி வெளிநாடு போற புள்ளைகளுக்கு வாசத் திண்ணையில வச்சித்தான் பாடம் எடுப்பா. நான் பக்கத்துல வெத்தலை இடிச்சிக்கிட்டு இருப்பேன். அவ சொன்னா நீ கேக்க மாட்டே. நான் சொன்னா சிரிச்சிக்கிட்டாவது கேப்பே. போக, எட்டாங் கிளாஸோட சிவகாசி அச்சாபீசுல கம்பாசிட்டரா நொழைஞ்சவன் நான். காலேஜ் மலரு, கம்பெனி ரிப்போர்ட்டு, மாநாட்டுக் கட்டுரைன்னு எத்தனையோ இங்கிலீஷை ஈய எழுத்துல தலைகீழாக் கோத்திருக்கேன். அர்த்தம் பாதி தெரியாது. ஆனா எந்த வார்த்தைக்குப் பக்கத்துல எந்த வார்த்தை வந்து ஒக்காரும்னு கைக்குத் தெரியும்.

மொதல்ல ஒரு ஆறுதல். நீ கத்துக்கிட வேண்டிய இங்கிலீஷு அங்க பொறந்த வெள்ளைக்காரப் புள்ளைக்கும் தாய்மொழி கிடையாது. கடையில ஒன்னையவிட அவன் வேகமாப் பேசுவான், சிரிப்புக் கதை சொல்லுவான். கட்டுரைன்னு ஒக்காந்தா அவனும் பேனாவைத்தான் கடிப்பான். படிப்புக்குன்னு இருக்குத மொழி யாருக்கும் தாய்மொழி இல்லன்னு 1965-லயே பிரான்சுல பூர்தியூ, பஸ்ஸெரோன்னு ரெண்டு பேரு எழுதிட்டுப் போயிட்டாங்க. ‘அவனுக்குப் பொறப்புலயே வருது தாத்தா’ங்கிற பாட்டை இதோட நிறுத்திக்கோ.

நிறுத்துனா அடுத்த பாட்டு கணக்கு மேதை ராமானுஜம். ‘அவரே இங்கிலீஷுல பெயிலு’ம்பே. வாஸ்தவம். கும்பகோணம் காலேஜுல இங்கிலீஷுக் கட்டுரையில கோட்டை விட்டுத்தான் அவருக்கு ஸ்காலர்ஷிப் போச்சு. அதே மனுசன் 1914-ல கேம்பிரிட்ஜ் போயி எழுதுன கட்டுரைகளை அங்க இருந்த கணக்குக்காரரு ஹார்டி வரி வரியாப் பாத்துச் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்புனாரு. ஒனக்கும் அப்பிடி ஒரு ஹார்டி வாய்ப்பாரு. அதுக்கு முன்னாடி அவரு கண்ணு பிதுங்குத மாதிரி கணக்கு ஒண்ணு நீ போட்டுக் காட்டணும். அது முடியாதுன்னா மேக்கொண்டு கேளு.

இங்கிலீஷ் வராம இருக்க நல்ல வழி நீயே கண்டுபிடிச்சிருக்கே, அதையும் பாராட்டணும். ஒரு வீட்டுல அஞ்சு பேரு, அஞ்சு பேரும் தமிழு. மத்தியானம் ரசம், சாயங்காலம் சீட்டு, ராத்திரி ஊர் வம்பு. லைப்ரரிக்குப் போனாலும் அஞ்சு பேரும் ஒரே மேசை. சீமைக்குப் போயும் சாத்தூர் பஸ் ஸ்டாண்டை விட்டுப் பிரியாத புள்ளைகன்னு ஊருல பெருமையாத்தான் பேசிக்கிடுதோம். ரசத்தை நான் விடச் சொல்லல. படிக்குத கூட்டாளி ஒருத்தனை மட்டும் தமிழ் தெரியாதவனாப் பாத்துப் பிடி. சீனாக்காரனோ நைஜீரியாக்காரனோ, ஒன்னைய மாதிரியே திண்டாடுதவனா இருந்தா ரொம்ப விசேசம். அவன்கூட பேசணும்னா ஒனக்கு வேற கதி இருக்காது பாரு.

இப்போ வேலைக்கு வா. நீ படிக்கிறது தண்ணி மேலாண்மை. ஒன் பாடத்துல நல்ல பத்திரிகையில வந்த கட்டுரை ரெண்டு மூணு எடுத்துக்கோ. அதுல இருக்குத விசயத்துக்காக ஒரு தடவை படி. அப்பொறம் விசயத்தை மறந்துட்டு, அது எப்பிடிக் கட்டியிருக்குன்னு பாக்கதுக்கு இன்னொரு தடவை படி. ஜான் ஸ்வேல்ஸ்னு ஒருத்தரு 1990-ல ஒரு புத்தகத்துல இதைத் தொறந்து காட்டிட்டாரு. ஆராய்ச்சிக் கட்டுரையோட முன்னுரை மூணு அடி வைக்கும். மொத அடியில, இது முக்கியமான சமாச்சாரம், இதைப் பத்தி இன்னார் இன்னார் இன்னது சொல்லியிருக்காங்கன்னு எடத்தைக் காட்டும். ரெண்டாவது அடியில ‘ஹவ்எவர்’னு ஒரு இழுப்பு இழுத்து, இந்த எடத்துல யாரும் சரியாப் பாக்காத மூலை ஒண்ணு கெடக்குன்னு சொல்லும். மூணாவது அடியில, அந்த மூலையில நான் இதைச் செய்யப்போறேன்னு ஒக்காரும். பென்சிலை எடுத்து மூணு கட்டுரையோட முன்னுரையில அந்த மூணு அடி எங்கெங்க விழுதுன்னு கோடு போட்டுப் பாரு. பெறகு ஒன் கட்டுரையைப் பாரு. ‘தண்ணீர் உயிரின் ஆதாரம்’னு தொடங்கி ஒரு பக்கம் தண்ணி பெருமை பாடியிருக்கே. மூலையும் காணோம், முடுக்கும் காணோம். அதான் ‘ஸோ வாட்’னு கேட்டிருக்காரு.

அடுத்தது சொல்லுதேன், இது எங்க ஜாதிக்காரன் வித்தை. அச்சாபீசு ஜாதியைச் சொல்லுதேன். பெஞ்சமின் ஃபிராங்க்ளின், இடி தாங்கிக்காரரு, சின்னப் புள்ளையில பாஸ்டன்ல அண்ணன் நடத்துன அச்சாபீசுல எடுபிடியாச் சேந்தவரு. பள்ளிக்கூடம் ரெண்டு வருசங்கூடச் சரியாப் போகல. ‘ஸ்பெக்டேட்டர்’னு லண்டன் பத்திரிகையோட தொகுப்பு ஒண்ணு கையில கிடைச்சிருக்கு. அதுல ஒரு கட்டுரையை எடுப்பாரு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ரெண்டு மூணு சொல்லுல குறிப்பு எழுதிக்கிடுவாரு. கொஞ்ச நாளு தூக்கிப் போட்டுருவாரு. அப்பொறம் புத்தகத்தைப் பாக்காம, குறிப்பை மட்டும் வச்சிக்கிட்டு முழுக் கட்டுரையையும் தன் வார்த்தையில திருப்பி எழுதுவாரு. எழுதி முடிச்சு மூலத்தோட ஒப்பிட்டு, எங்க சறுக்குனோம்னு திருத்துவாரு. சில சமயம் அந்தக் குறிப்பையெல்லாம் கலைச்சுப் போட்டு, சில வாரம் கழிச்சு எது மொதல்ல எது பின்னாலன்னு தானே அடுக்கிப் பாப்பாரு. ஆப்பும் கிடையாது, ஹெட்போனும் கிடையாது. வேலை முடிஞ்ச ராத்திரியிலயும் விடியறதுக்கு முன்னாலயும் செஞ்ச சோலி. தன் சுயசரிதையில அவரே எழுதி வச்சிருக்காரு.

இதையே நீ ஒன் பாடத்துக் கட்டுரையில ஒரே ஒரு பத்தி எடுத்துச் செய்யி. பத்தி போதும், மலையைத் தூக்க வேண்டாம். பெரியத்தை ஒரு புள்ளையை இப்பிடிச் செய்ய வச்சதை நான் திண்ணையில இருந்து பாத்தேன். அவன் திருப்பி எழுதுனதுல, கண்மாய் தூர் வாராததாலதான் கிணத்துல தண்ணி இறங்கிருச்சு, இது நிரூபணம்னு போட்டிருந்தான். ‘புரூவ்ஸ்’. மூலத்தைத் தொறந்தா அங்க ‘ஸஜெஸ்ட்ஸ்’, அதுக்கும் மேல ஒரு ‘மே’, பத்தாததுக்குத் ‘திஸ் பார்ட் ஆஃப் தி டிஸ்ட்ரிக்ட்’னு ஒரு வேலி. வெள்ளைக்காரன் ஏன் இப்பிடிப் பயந்து சாகுதான்னு அந்தப் புள்ளை கேட்டான். நம்ம ஊருப் பஞ்சாயத்துல சாட்சி சொல்லுத பெருசைக் கவனிச்சிருக்கியா? ‘ஆட்டைக் களவாண்டது அவன்தான்’னு சொல்லவே மாட்டாரு. ‘அந்தப் பக்கமா ஒரு ஆளு நடமாட்டம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, உசரம் அவன் உசரந்தான்’னு முடிப்பாரு. கண்டதுக்கு மேல ஒரு சொல்லுகூட வாயில இருந்து விழாது. நாளைக்கு எவன் குறுக்குக் கேள்வி கேட்டாலும் ஆளு நிப்பாரு. ‘மே’, ‘ஸஜெஸ்ட்ஸ்’ எல்லாம் அந்தச் சாமர்த்தியந்தான். இலக்கணப் புத்தகத்துல இது ஒரு பக்கத்துல இருக்கும். அந்தப் பையனுக்கு ஏறுனது தன் எழுத்தையும் மூலத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாத்தப்பதான்.

வார்த்தைப் பட்டியல்னு ஒண்ணு பிரிண்ட் எடுத்துச் செவுத்துல ஒட்டியிருக்கேன்னு சொன்னே. நியூசிலாந்துல ஏவ்ரில் காக்ஸ்ஹெட்னு ஒரு அம்மா 2000-ல வெளியிட்ட பட்டியலாத்தான் இருக்கும். 570 சொல் குடும்பம். படிப்பு சம்பந்தமான எழுத்துல பத்துல ஒரு சொல்லு அதுக்குள்ள இருந்துதான் வருதுன்னு கணக்கு. அதுக்கு முன்னாலயே, டாக்கா பக்கம் வாத்தியார் வேலை பாத்த மைக்கேல் வெஸ்டு 1953-ல 2,000 பொதுச் சொல்லுக்கு ஒரு பட்டியல் போட்டிருந்தாரு. ரெண்டும் நல்ல பட்டியல்தான். நீ என்ன பண்ணுதே, மேலருந்து கீழ வரைக்கும் கந்தர் சஷ்டி கவசம் மாதிரி ஒப்பிக்கே. அர்த்தம் கேட்டா டக்குனு சொல்லுதே. வாக்கியத்துல போடுன்னா முழிக்கே.

சொல்லு தனியாத் திரியாதுலே. எழுத்து கோக்கும்போது ‘சிக்னிஃபிகன்ட்’ முடிச்ச கை, அடுத்து ‘டிஃபரன்ஸ்’க்கு டீ எழுத்து இருக்குத அறைக்குத் தானாப் போயிரும். ‘கண்டக்ட்’ கோத்தா அடுத்து ‘சர்வே’, இல்லன்னா ‘இன்டர்வியூ’. அர்த்தம் தெரியாதவன் கையே அதைக் கத்துக்கிட்டுன்னா, எத்தனை தடவை அது ஜோடியாவே வந்திருக்கணும்! நீயும் சொல்லை ஜோடியோட எழுதி வையி. நீ படிச்ச கட்டுரையில அது நின்ன வாக்கியத்தையும் முழுசா எழுது. ஜோடி சரியான்னு சந்தேகம் வந்தா அதுக்கும் எடம் இருக்கு. வாரிக், ரெடிங், ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க, மாணவங்க எழுதி நல்ல மார்க்கு வாங்குன கட்டுரையாச் சேத்துச் சுமார் 65 லட்சம் சொல்லு அடுக்கி வச்சிருக்காங்க. பவே தொகுப்புன்னு பேரு. காசில்லாமத் தேடிப் பாக்கலாம். பேராசிரியர் எழுதுனது இல்ல, ஒன்னைய மாதிரிப் பொடியங்க எழுதுனது. அதான் அதுல லாபம்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துல ஜான் மார்லின்னு ஒருத்தரு சேத்து வச்ச ‘அகாடமிக் ஃபிரேஸ்பேங்க்’கும் அப்பிடித்தான், சும்மாக் கிடைக்கு. முன்னாடி வந்த ஆராய்ச்சியைச் சொல்ல, ஒப்பிட, மறுக்க, முடிவைப் பதனமாச் சொல்லன்னு ஒவ்வொரு காரியத்துக்கும் வாக்கிய எலும்புக்கூடு அதுல இருக்கும். எலும்புக்குச் சதை நீதான் வைக்கணும். போன மாசம் நீ அனுப்புன பக்கத்தைப் பெரியத்தை படிச்சா. ஒவ்வொரு வாக்கியமும் ‘மோர்ஓவர்’, ‘ஃபர்தர்மோர்’, ‘இன் திஸ் ரிகார்ட்’னு பட்டு வேட்டி கட்டி நிக்கி, உள்ள ஆளைக் காணோம்னு சிரிச்சா.

களவு சங்கதி ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லாம விடக்கூடாது. இங்க பத்தாங் கிளாஸுல புத்தகத்து வாக்கியத்தைக் கமா மாறாம எழுதுனவனுக்கு நூத்துக்கு நூறு குடுத்துத் தலையில தட்டிக் குடுத்தோம். அங்க அதே காரியத்துக்குப் பேரு திருட்டு. டர்னிடின்னு ஒரு மென்பொருளு, எந்த வரி எங்க இருந்து வந்ததுன்னு கலர் கலராக் காட்டிக் குடுக்கும். ரெண்டு சொல்லை மாத்திப் போட்டுத் தப்பிக்கலாம்னு பாக்காதே. ஒரே வழி: படி, புத்தகத்தை மூடு, ரெண்டு வரியில ஒனக்குப் புரிஞ்சதை எழுது, பெறகு தொறந்து சரி பாரு. யாரு, எந்த வருசம், எந்தப் பக்கம்னு அப்பவே குறிச்சுக்கோ. மூடிட்டு எழுத வரலன்னா புரியலன்னு அர்த்தம். இங்கிலீஷு மேல பழியைப் போடாதே.

இப்பத்தான் எழுதிக் குடுக்குத எந்திரமும் வந்துட்டே. அதுகிட்டச் சொன்னா வேர்வை இல்லாம 2,000 வார்த்தை கக்கும். அருமையான எந்திரம், அதுக்கு இங்கிலீஷு நல்லா வருது. பட்டம் வாங்க வேண்டியது யாருன்னு மட்டும் ஒரு தடவை யோசிச்சுக்கோ. ஒங்க டிபார்ட்மெண்டு எதுவரைக்கும் அனுமதிக்குன்னு மொதல்ல கேளு. அனுமதிச்சா, நீ எழுதி முடிச்ச பத்தியை வச்சு ‘படிக்கிறவன் எங்க தடுக்குவான்’னு மட்டும் கேட்டுக்கோ. திருத்துறது ஒன் கையா இருக்கட்டும்.

காதுக்கு வா. அந்த வெப் சீரிஸுல வாரவன் ‘ஒன்னையக் கொல்லாம விடமாட்டேன்’னு நல்ல உச்சரிப்போட சொல்லுவான். அதை செமினாருல நீ எங்க சொல்லப்போறே? லண்டன்ல கிரெஷாம் காலேஜு 1597-ல இருந்து பொதுசனத்துக்கு இலவசமா விரிவுரை நடத்துது, இப்போ இணையத்துலயே பாக்கலாம். பிபிசி வானொலியில ‘இன் அவர் டைம்’னு 1998-ல தொடங்குன நிகழ்ச்சி, மூணு பேராசிரியர் ஒக்காந்து ஒரே விசயத்தை முக்கால் மணி நேரம் அலசுவாங்க. ஒருத்தரு சொன்னதை இன்னொருத்தரு மனசு நோகாம எப்பிடி வெட்டுதாருன்னு கவனி. ரெண்டு நிமிசம் மட்டும் எடுத்து, அவங்க பேசப் பேசப் பின்னாலயே நீயும் பேசிப் போனுல பதிவு பண்ணிக் கேளு. ஒன் கொரலைக் கேட்டா ஒனக்கே கூச்சமா இருக்கும். கதவைச் சாத்திக்கோ. செமினாருக்குப் போறதுக்கு முந்தின ராத்திரியே ஒரு கேள்வி எழுதிக்கிட்டுப் போ. மொதப் பத்து நிமிசத்துக்குள்ள கேட்டுரு. நேரம் போகப் போகத் தொண்டை அடைக்கும், கடைசியில எவனாவது ஒன் கேள்வியையே கேட்டு நல்ல பேரு வாங்கிட்டுப் போயிருவான்.

கடைசியா ஒரு நோட்டு வாங்கு. வாத்தியாரு திருத்துன தப்பையெல்லாம் ஒண்ணு விடாம அதுல எழுது. நம்மாளுகளுக்குத் தப்பு எங்க வரும்னு பெரியத்தை கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவா. ‘ஏ’யும் ‘தி’யும் தமிழுல கிடையாது, அதனால போட வேண்டிய எடத்துல போடமாட்டோம், வேண்டாத எடத்துல கொட்டுவோம். அப்பொறம் ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’. ஆனா ஊருத் தப்பு ஒனக்கு எதுக்கு, ஒன் தப்பை எழுது. நாலு கட்டுரை முடிஞ்சதும் பாத்தா, பத்து பதினஞ்சு தப்பே திரும்பத் திரும்ப வந்திருக்கும். குடுக்குததுக்கு முன்னாடி அதை மட்டும் தேடிப் பிடி. அச்சாபீசுல புரூஃப் பாக்கும்போது ஒருத்தன் மூலத்தைச் சத்தமா வாசிப்பான், இன்னொருத்தன் அச்சைப் பாப்பான். தனியாப் பாத்தா, கண்ணு இருக்கிறதை விட்டுட்டு இருக்க வேண்டியதைப் படிச்சிரும். அந்தத் தமிழ் தெரியாத கூட்டாளியை ஒக்கார வச்சு ஒன் கட்டுரையைச் சத்தமா வாசிக்கச் சொல்லு. அவன் மூச்சு முட்டுத எடத்துல வாக்கியத்தை வெட்டு. அவன் கட்டுரையை நீ வாசி. காசு ஒரு பைசா செலவில்ல.

காசுன்னதும் ஞாபகம் வருது. ஒங்கப்பன் பேங்குல கடன் வாங்கிக் கட்டுன பீஸுக்குள்ளதான் எழுத்துக்கு ஒத்தாசை பண்ணுத மையமும், வாத்தியாரைத் தனியாப் பாக்குத நேரமும் இருக்கு. அந்த வாத்தியாரு வியாழக்கிழமை ரெண்டு மணியில இருந்து கதவைத் தொறந்து வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரு, யாருமே போறதில்லன்னு நீயே சிரிச்சிக்கிட்டுச் சொன்னே. இந்த வியாழக்கிழமை போ. ‘எனக்கு இங்கிலீஷு வீக்கு சார்’னு பாட்டுப் பாடாதே. ‘ஸோ வாட்’னு எழுதுன அந்தப் பக்கத்தைக் கையில கொண்டு போ, ‘இந்த எடத்துல என்ன எழுதியிருக்கணும்?’னு ஒரே ஒரு கேள்வி கேளு. அவரு சொன்னதை வெளிய வந்து அங்கயே நின்னு எழுதிக்கோ.